அகழெலியின் சுரங்கம்: நடைபாதையா, வேட்டைப் பொறியா?

வேரடி எழுதியது:

அகழெலி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள்: அதற்குக் கண் தெரியாது, ஓயாமல் தோண்டிக்கொண்டே இருக்கும். இரண்டுமே பாதிதான் உண்மை. கண்ணைப் பற்றி அப்புறம் யாராவது எழுதுங்கள். நான் இந்த இழையைத் தொடங்குவது தோண்டுவதைப் பற்றிப் பேசத்தான்.

எடுத்துக்கொள்வது ஐரோப்பிய அகழெலி. 1758இல் லின்னேயஸ் டால்பா யூரோப்பியா என்று பெயரிட்ட இனம். பிரிட்டனில் தொடங்கி ரஷ்யா வரை பரவியிருக்கிறது, அயர்லாந்தில் கிடையாது. உடல் நீளம் 11 முதல் 16 செ.மீ., எடை பெரும்பாலும் 70 முதல் 130 கிராம். முக்கிய உணவு மண்புழு. அதோடு மண்ணில் கிடக்கும் வண்டுப் புழுக்கள், பூச்சிகள்.

என் வாதம் இதுதான்: நிலைத்து வாழும் ஓர் அகழெலி சாப்பாட்டைத் தேடித் தோண்டுவதில்லை. ஏற்கனவே தோண்டி வைத்த சுரங்கத்துக்குள் வந்து விழும் சாப்பாட்டைப் போய்ப் பொறுக்கிக்கொள்கிறது. மண்ணுக்குள் மேலும் கீழும் போய்வரும் புழுவின் பாதையில் திடீரென்று ஒரு வெற்றிடம் குறுக்கிடுகிறது, புழு அதில் விழுகிறது. அகழெலி தன் சுரங்கங்களை ரோந்து சுற்றி வந்து, விழுந்ததை எடுத்துக்கொள்கிறது. அதனால் சுரங்கத்தை வெறும் நடைபாதையாகப் பார்க்காமல் ஒரு வேட்டைப் பொறியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். இப்படிப் பார்த்தால் அதன் உடம்பு, குணம், வாழ்க்கை எல்லாவற்றுக்கும் ஒரு பொருத்தம் கிடைக்கிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

புல்நுனி எழுதியது:

முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை, வேரடி. தினமும் புதுப்புது மண்மேடு எழும்புகிறதே? பொறியை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும் என்றால் இவ்வளவு மேடு எதற்கு? பசிக்குத்தான் தோண்டுகிறது என்று நினைப்பதுதான் இயல்பாக இருக்கிறது. ஒரு நாளில் தன் எடையில் பாதியளவு தின்னும் பிராணி அது. உட்கார்ந்த இடத்தில் விழுவதை மட்டும் நம்பி எப்படிப் பிழைக்கும்?

---

வேரடி எழுதியது:

நல்ல கேள்வி. கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

1979இல் டேவிட் வ்ளெக் என்ற ஆய்வாளர் பாக்கெட் கோஃபர் என்னும் அமெரிக்கக் கொறிணியை வைத்து, தோண்டுவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தார். ஒரே தூரத்தை நிலத்தின் மேல் நடந்து கடப்பதோடு ஒப்பிட்டால், மண்ணைக் குடைந்து கடக்க 360 முதல் 3,400 மடங்கு வரை ஆற்றல் வேண்டும் என்று வந்தது. மண்ணின் தன்மையைப் பொறுத்து அந்த வித்தியாசம். அது வேறு இனம்தான். ஆனால் மண்ணை வெட்டி நகர்த்தும் வேலை யாருக்கும் மலிவாக வராது. ஒவ்வொரு புழுவுக்கும் புதிதாகக் குடைந்துகொண்டு போனால், புழுவில் கிடைப்பதைவிடக் குடைவதில் போவது அதிகமாகிவிடும்.

மேடுகள் எப்போது அதிகம் எழும்புகின்றன என்று கவனியுங்கள். ஒன்று, வாலிப அகழெலி புது இடத்தில் குடியேறும்போது. அதற்கு ஆரம்பத்தில் எதுவுமே இல்லை, எல்லாவற்றையும் தோண்டியாக வேண்டும். இரண்டு, குளிரோ வறட்சியோ வந்து புழுக்கள் ஆழத்துக்கு இறங்கும்போது. பொறியும் கூடவே இறங்க வேண்டியிருக்கிறது. மூன்று, இடிந்ததைச் சரிசெய்யும்போது. மாடு மிதித்து, மழை பெய்து சுரங்கம் அடைபட்டால் அந்த மண்ணையும் வெளியேற்ற வேண்டும். நான்காவதாக, வசந்தத்தில் ஆண்கள் துணை தேடி நேர்கோட்டில் நீளமாகச் சுரங்கம் வெட்டும்போது. இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு பக்கம், மண் வளமாக இருந்து, சுரங்கம் பழையதாகி நன்றாக அமைந்துவிட்ட இடத்தில் புது மேடே பார்ப்பது அரிது. அகழெலி அங்கேதான் இருக்கும். இலையுதிர் காடுகளில் இதுதான் நிலைமை. உண்மையில் அதன் பூர்வீகமே அப்படிப்பட்ட காடுதான், புல்வெளி பின்னால் வந்தது.

---

தசைநார் எழுதியது:

வேரடி சொல்வதோடு ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். சுரங்கத்தில் இரண்டு வகை உண்டு. நிலப்பரப்பை ஒட்டி, சில செ.மீ. ஆழத்தில் ஓடுவது ஒன்று. அதில் மண்ணை வெளியே கொட்டுவதே கிடையாது, மேல்மண்ணை அப்படியே முதுகால் தூக்கிவிட்டுப் போகும். மேலே நீளமாக ஒரு வரப்பு மாதிரி தெரியும். உழுத மண், மணற்பாங்கான லேசான மண், புழுப்பூச்சி மேலேயே கிடைக்கும் இடம், இங்கெல்லாம் இந்த வகை அதிகம். இதில் புல்நுனி சொன்னது செல்லும். குடைந்துகொண்டே தின்பதும் நடக்கிறது.

இரண்டாவது வகை நிரந்தரச் சுரங்கம். கையகல ஆழத்திலிருந்து ஒரு மீட்டர், சில சமயம் அதற்கும் கீழே போகும். அகலம் சுமார் 5 செ.மீ., அகழெலியின் உடம்பு சரியாக நுழையும் அளவு. பல தலைமுறைகள் ஒரே சுரங்கத்தைப் பயன்படுத்துவதுண்டு. வேரடியின் பொறி என்ற வாதம் இந்த இரண்டாவது வகைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

---

தசைநார் எழுதியது:

தனிப் பதிவாகவே போடுகிறேன், கொஞ்சம் நீளம். உடற்கூறு என் துறை, அகழெலியின் எலும்புக்கூட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தட்டில் எலும்புகளைத் தனித்தனியாகப் பரப்பி வைத்தால், மேற்கை எலும்பு எது என்று முதலில் கண்டுபிடிக்கவே முடியாது. மற்றப் பாலூட்டிகளில் அது ஒரு நீண்ட தண்டு. அகழெலியில் குட்டையாக, தட்டையாக, கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும், ஓரமெல்லாம் முண்டும் முடிச்சுமாக. அந்த முண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய தசை வந்து பற்றும் இடம். பக்கத்தில் தொடை எலும்பை வைத்துப் பாருங்கள், மெல்லிய குச்சியாக இருக்கும். இரண்டும் ஒரே பிராணியுடையவை என்று நம்ப முடியாது.

நாயோ முயலோ தோண்டும்போது முன்னங்கால்கள் வயிற்றுக்கடியில் முன்னும் பின்னும் போய்வரும். அகழெலி அப்படிச் செய்வதில்லை. உள்ளங்கைகள் எப்போதுமே வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளும். அந்த வீச்சுக்கான பலம், மேற்கை எலும்பு தன் அச்சில் தானே சுழல்வதால் வருகிறது. அந்தச் சுழற்சியைத் தரும் தசை தோள்பட்டை எலும்பிலிருந்து வருகிறது. தோள்பட்டை எலும்பும் அதற்கேற்ப நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. காறை எலும்பு குட்டை, தடிமன். மார்பெலும்பில் பறவைகளுக்கு இருப்பதுபோல் ஒரு முகடு. தோள் முழுக்க முன்னே தள்ளி, கிட்டத்தட்ட காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் அகழெலிக்குக் கழுத்தே இல்லாததுபோல் தோன்றும்.

இடுப்பு இதற்கு நேரெதிர், ஒடுக்கமானது. முன்பாதி வெட்டிய துளைக்குள் பின்பாதி தடையில்லாமல் வந்துவிட வேண்டுமே. தோண்டும்போது பின்னங்கால்களைச் சுரங்கச் சுவரில் அழுத்தி உடம்பை நிலைநிறுத்திக்கொள்ளும், அப்புறம் ஒரு கையால் வீசும், பிறகு மறு கை.

கையில் ஆறாவது விரல்போல ஒன்றும் இருக்கிறது. கட்டைவிரலுக்கு அப்பால், மணிக்கட்டிலிருந்து கிளம்பும் அரிவாள் வடிவ எலும்பு. கணு கிடையாது, நகமும் கிடையாது, ஆனால் உள்ளங்கையின் அகலத்தைக் கூட்டிவிடுகிறது. இது எப்படி உருவாகிறது என்று சூரிக் பல்கலைக்கழகத்தின் மார்செலோ சான்செஸ்-வில்லக்ராவின் குழு கருவிலேயே ஆராய்ந்து 2011இல் வெளியிட்டது. மற்ற ஐந்து விரல்களும் உருவான பிறகு, தாமதமாகத்தான் இது தலைகாட்டுகிறது. உண்மையான விரல் கிடையாது, மணிக்கட்டில் இருந்த ஒரு சின்ன எலும்பு வளர்ந்து நீண்டது. உறவுக்கார மூஞ்சூறு இனம் ஒன்றின் கருவோடு ஒப்பிட்டார்கள், அதில் இந்த எலும்பு இல்லை.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் தசைநார். ஒரு அடிப்படைச் சந்தேகம்: பெருச்சாளியும் தோண்டுகிறது, இதுவும் தோண்டுகிறது. இரண்டும் சொந்தமா?

---

தசைநார் எழுதியது:

இல்லை. பெருச்சாளி கொறிணி, எலி வகை. முன்பல் இரண்டும் வளர்ந்துகொண்டே இருக்கும், தானியமும் கிழங்கும் தின்னும். அகழெலிக்கு எலிப்பல் கிடையாது. வாயில் 44 பற்கள், எல்லாம் கூர்மையாக இருக்கும், பூச்சியையும் புழுவையும் பிடிக்க. அதன் நெருங்கிய சொந்தங்கள் மூஞ்சூறும் முள்ளெலியும். வேரைத் தின்னாது. சுரங்கம் குறுக்கே போவதால் வேர் அறுந்து செடி வாடலாம், அது வேறு விஷயம்.

பெயரையும் உருவத்தையும் பார்த்துக் குழம்ப வேண்டாத இன்னும் இரண்டு உண்டு. ஆப்பிரிக்காவின் தங்க அகழெலி, ஆஸ்திரேலியாவின் பைப்பாலூட்டி அகழெலி. முன்னது யானை இருக்கும் கிளையைச் சேர்ந்தது, பின்னது கங்காருவின் கூட்டம். மண்ணுக்குள் வாழ்வதால் மூன்றும் தனித்தனியாக ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

---

நீரோட்டம் எழுதியது:

இந்தியாவிலும் உண்மையான அகழெலிகள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம். இமயமலை அகழெலியும் வெள்ளைவால் அகழெலியும். இரண்டும் கிழக்கு இமயமலை, வடகிழக்குப் பக்கம். தீபகற்பத்துத் தெற்கில் இந்தக் குடும்பமே கிடையாது. அங்கே வளை தோண்டுகிறவை எல்லாம் வேறு கூட்டம்.

எனக்கு வேறு ஒரு கேள்வி. அவ்வளவு இறுக்கமான சுரங்கத்தில் காற்று எப்படி? மேடு எல்லாம் மூடித்தானே இருக்கிறது?

---

வேரடி எழுதியது:

மூடித்தான் இருக்கும். மேடு வாசல் கிடையாது. கீழே வெட்டிய மண்ணை என்ன செய்வது? அகழெலி சுரங்கத்துக்குள்ளேயே உடம்பை மடித்துத் திரும்பி, உள்ளங்கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டு போய், மேல்நோக்கி வெட்டிய ஒரு துளை வழியே ஏற்றிவிடும். அந்த மண்தான் மேடு. அது மண் ஏற்றும் குழாய், அவ்வளவுதான். மேட்டைக் கலைத்துப் பார்த்தால் திறந்த பொந்து தெரியாது, கீழிருந்து தள்ளிய மண்ணே அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆக உள்ளே ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிய நிலை. இதற்கு ரத்தத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கேம்பலின் குழு 2010இல் வட அமெரிக்காவின் கிழக்கத்திய அகழெலியை வைத்து இதைக் காட்டியது. பாலூட்டிகளின் சிவப்பணுவில் டிபிஜி என்ற மூலக்கூறு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனைக் கைவிடச் செய்யும். கிழக்கத்திய அகழெலியின் ஹீமோகுளோபினில் அது ஒட்டும் இடம் மாறிப்போயிருக்கிறது, சரியாக ஒட்டாது. காலியான அந்த இடத்தில் கரியமில வாயு அதிகமாகப் பிடித்துக்கொள்ள முடிகிறது. உடம்பிலிருந்து கழிவு வாயுவை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் திறன் கூடுகிறது. ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட கரியமில வாயுவைச் சுமப்பதில்தான் இங்கே மாற்றம் நடந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

---

புல்நுனி எழுதியது:

சரி, பொறியில் புழு விழுந்தது. இருட்டில் அது எங்கே விழுந்தது என்று எப்படித் தெரியும்?

---

நிலாமுற்றம் எழுதியது:

இதற்கு நான் வருகிறேன். கண்ணில் தொடங்குவோம். ஐரோப்பிய அகழெலிக்குக் கண் உண்டு. ஒரு மி.மீ. அளவுதான், ரோமத்துக்குள் புதைந்திருக்கும், ஆனால் ஒளியை உணரும். ஐபீரிய அகழெலி போன்ற சில இனங்களில் கண்ணை மூடி மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். வெளிக்காது மடல் கிடையாது, இருந்தால் மண் போய் அடையும்.

வேலை செய்வதெல்லாம் மூக்குத்தான். மூக்கு நுனியின் ரோமமற்ற தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் நரம்பு முனைகள். 1871இல் தியோடர் ஐமர் ஐரோப்பிய அகழெலியின் மூக்கில்தான் இவற்றை முதலில் விவரித்தார், அதனால் ஐமர் உறுப்புகள் என்று பெயர். வால் நுனியிலும் உணர்வு ரோமங்கள் உண்டு. நடக்கும்போது வாலை நிமிர்த்தி சுரங்கக் கூரையைத் தொட்டபடியே போகும்.

மோப்பத்தில் இன்னும் சுவாரசியம். 2013இல் கென்னத் கடேனியா கிழக்கத்திய அகழெலியை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அரைவட்ட மேடையின் ஓரத்தில் பல குழிகள், ஏதோ ஒன்றில் மட்டும் மண்புழுத் துண்டு. அகழெலி நுழைந்ததும் மூக்கை அசைத்து அசைத்து நேராக அந்தக் குழிக்கே போய்விடும். ஒரு நாசியை அடைத்ததும், திறந்திருக்கும் நாசியின் பக்கமாகவே விலகிப் போனது. இடது நாசிக்குள் சின்னக் குழாயைச் செருகி வலப்பக்கக் காற்றையும், வலது நாசிக்கு இடப்பக்கக் காற்றையும் மாற்றிக் கொடுத்தபோது ஒரேயடியாகத் தடுமாறியது. நாம் இரண்டு காதுகளால் ஓசையின் திசையை அறிவதுபோல் அது இரண்டு நாசிகளால் வாசனையின் திசையை அறிகிறது.

இதே கடேனியாதான் நட்சத்திர மூக்கு அகழெலியையும் ஆராய்ந்தவர். அதன் மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள், அவற்றில் 25,000க்கு மேல் ஐமர் உறுப்புகள். தொட்ட பொருள் தின்னக் கூடியதா என்று மூளை முடிவெடுக்க சுமார் 8 மில்லிவினாடி. அது ஈரநிலத்தில், தண்ணீருக்குள்ளும் வேட்டையாடும் இனம். அதற்குத் தனி இழை வேண்டும்.

---

புல்நுனி எழுதியது:

தனி இழை போடுங்கள், கண்டிப்பாக வருவேன்.

---

மருதநிழல் எழுதியது:

பொறி என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி ஒன்று விடுபட்டுப்போயிருக்கிறது: புழுச் சேமிப்பு.

குளிர்காலம் நெருங்கும்போது அகழெலி மண்புழுக்களைத் தின்று தீர்க்காமல் சேர்த்து வைக்கும். புழுவின் தலைப்பக்கத்து வளையங்களைக் கடித்து விட்டுவிடும். புழு சாகாது, ஆனால் ஊர்ந்து தப்பவும் முடியாது. இப்படிக் கடித்த புழுக்களைக் கூட்டுக்குப் பக்கத்தில், சுவரில் குடைந்த பொந்துகளில் திணித்து வைக்கும். ஒரே சேமிப்பில் நூற்றுக்கணக்கான புழுக்கள் கிடைத்த பதிவுகள் உண்டு. அகழெலி வந்து தின்னாமல் விட்டுவிட்டால், புழுவுக்குத் தலை மெல்ல மறுபடி வளர்ந்து மண்ணுக்குள் போய்விடவும் முடியும்.

அன்றைய பசிக்கு அன்றே தோண்டித் தின்கிற பிராணிக்கு இவ்வளவு மிச்சம் எங்கிருந்து வரும்? தேவைக்கு மேல் புழு வந்து விழும் காலம் இருப்பதால்தான் சேமிக்க முடிகிறது.

தின்னும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புழுவின் ஒரு முனையைப் பல்லால் பற்றி, இரண்டு கைகளுக்கும் நடுவே இழுக்கும். புழுவின் உடம்பில் ஒட்டிய மண்ணும் குடலுக்குள் இருக்கும் மண்ணும் பிதுங்கி வெளியே போய்விடும். பிறகுதான் விழுங்கும்.

---

நீரோட்டம் எழுதியது:

அப்படியானால் குளிர்காலம் முழுக்க அதைத் தின்றுகொண்டு தூங்குமா?

---

மருதநிழல் எழுதியது:

தூங்காது. குளிர்கால உறக்கம் அதற்குக் கிடையாது. ஆண்டு முழுக்க ஒரே ஒழுங்குதான்: சுமார் நான்கு மணி நேரம் வேலை, சுமார் நான்கு மணி நேரம் கூட்டில் ஓய்வு, மறுபடி வேலை. பகல், இரவு என்ற கணக்கு அவ்வளவாக இல்லை. வசந்தத்தில் துணை தேடும் ஆண்களும் பால்கொடுக்கும் தாய்களும் மட்டும் இந்த ஒழுங்கைக் கலைத்துக்கொள்ளும்.

உறங்காமல் குளிரைச் சமாளிக்க அது செய்வதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மண்டையோட்டைச் சுருக்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த டீனா டெக்மனின் குழு அருங்காட்சியக மண்டையோடுகளை மாதவாரியாக அளந்து 2022இல் வெளியிட்டது. ஐரோப்பிய அகழெலியின் மண்டையோடு நவம்பரில் 11 சதவீதம் சிறுத்து, வசந்தத்தில் 4 சதவீதம் திரும்ப வளர்கிறது. மூளை பராமரிக்கச் செலவு அதிகமாகும் உறுப்பு, அதைச் சிறிதாக்கினால் ஆற்றல் மிச்சம்.

அதோடு நிறுத்தவில்லை. ஸ்பெயினில் வாழும் ஐபீரிய அகழெலியையும் அளந்தார்கள். அங்கே உணவுத் தட்டுப்பாடு கோடையில். தட்டுப்பாடுதான் காரணம் என்றால் அது கோடையில் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவே இல்லை. ஆகவே வெறும் உணவுக் குறைவு போதாது, குளிரும் சேர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

பெண் அகழெலிகளுக்கு ஆண் குணம் என்று எங்கோ படித்தேன். அது நிஜமா?

---

தசைநார் எழுதியது:

நிஜம்தான், ஆனால் கவனமாகச் சொல்ல வேண்டும். பல அகழெலி இனங்களில் பெண்ணின் சூலகம் கலப்பு உறுப்பு. ஒரு பகுதி முட்டை தரும் சூலகத் திசு, இன்னொரு பகுதி விந்தகத் திசு. இந்த இரண்டாவது பகுதியில் விந்தணு உண்டாகாது, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். அதனால் பெண்ணுக்கும் தசை பலமும் சண்டைக் குணமும் கூடுதல். கருத்தரிப்பதிலோ குட்டி போடுவதிலோ குறையில்லை.

பெர்லின் ஆய்வாளர்கள் ஐபீரிய அகழெலியின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து 2020இல் வெளியிட்டார்கள். மரபணுக்களே மாறியதைவிட அவற்றை இயக்கும் ஒழுங்குதான் மாறியிருந்தது. விந்தகம் உருவாக உதவும் ஒரு மரபணுவுக்குப் பக்கத்தில் டிஎன்ஏ துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருந்தது. ஆண் ஹார்மோன் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் இன்னொரு பகுதி மூன்று பிரதிகளாகப் பெருகியிருந்தது. இந்த மாற்றங்களைச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஆண் ஹார்மோன் அளவு ஏறியது, பிடிமான வலிமையும் கூடியது.

இது வேரடியின் வாதத்துக்கும் உதவும். அவ்வளவு உழைத்து அமைத்த சுரங்கத்தைக் காக்கப் பெண்ணும் தனியாகவே போராட வேண்டும். அகழெலிகள் கூடிவாழ்வதில்லை. ஆணும் பெண்ணும் சேர்வது வசந்தத்தில் கொஞ்ச நேரம்தான். சுமார் நான்கு வாரக் கர்ப்பம், பெரும்பாலும் மூன்று நான்கு குட்டிகள், ரோமமில்லாமல் பிறக்கும். ஐந்தாறு வாரத்தில் தாய் அவற்றை வெளியேற்றிவிடும். இடம் தேடி அவை நிலத்தின் மேலே நடந்து போகும் அந்த நாட்களில்தான் ஆந்தைக்கும் நரிக்கும் அதிகம் பலியாகின்றன.

---

ஏர்முனை எழுதியது:

எல்லாம் சரி ஐயா. ஆனால் கால்நடை வைத்திருப்பவர்கள் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். மேட்டு மண் புல்லோடு அறுபட்டு, பதப்படுத்தி வைக்கும் தீவனத்தில் கலந்துவிடுகிறது. அந்த மண்ணில் லிஸ்டீரியா கிருமி இருக்கும். தீவனம் கெட்டு, தின்ற ஆடு மாடு நோயில் விழும். அறுக்கும் கருவியின் கத்தியும் மண்ணில் பட்டு மழுங்கும். இது கற்பனைக் குறை கிடையாது.

---

வேரடி எழுதியது:

நியாயமான குறைதான் ஏர்முனை, மறுக்கவில்லை. சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் அகழெலி பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொல்லக் கூடாது. பிரிட்டனில் அப்படிப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஸ்ட்ரிக்னின் விஷத்தை அகழெலிக்கு வைப்பது 2006இல் அங்கே தடைசெய்யப்பட்டது. இப்போது பெரும்பாலும் பொறிவைத்துப் பிடிக்கிறார்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

மேட்டு மண்ணால் நன்மையும் நடக்கிறது, ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். இங்கிலாந்தின் வடக்கே எபியாகம் என்று ஒரு ரோமானியக் கோட்டை மண்ணுக்கடியில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், அனுமதி இல்லாமல் மனிதர் யாரும் அங்கே தோண்டக் கூடாது. அகழெலியைச் சட்டம் தடுக்கவில்லை. அது மேலே தள்ளிய மண்ணை, அனுமதி வாங்கிய தன்னார்வலர்கள் சல்லடையில் சலித்தார்கள். பானை ஓடுகள், மணி, டால்பின் வடிவிலான வெண்கலத் துண்டு எல்லாம் கிடைத்தன. எந்த மேட்டில் எது கிடைத்தது என்று குறித்து வைத்தால், கீழே எங்கே என்ன இருந்தது என்றும் ஊகிக்கலாம்.

---

நீரோட்டம் எழுதியது:

வரலாறு பேசுவதால்: இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னர் 1702இல் குதிரையிலிருந்து விழுந்து, அதன் பின்விளைவுகளால் இறந்தார். குதிரை இடறியது அகழெலி மேட்டில் என்று சொல்வார்கள். மன்னரை எதிர்த்த ஜேக்கபைட்டுகள் அதன் பிறகு "கறுப்பு வெல்வெட் அணிந்த குட்டிக் கனவானுக்கு" என்று கோப்பை உயர்த்திக் குடித்தார்களாம்.

வெல்வெட் என்றது பொருத்தமான பேச்சு. அந்த ரோமம் ஒரு பக்கமாகச் சாயாமல் செங்குத்தாக நிற்கும், முன்னால் தடவினாலும் பின்னால் தடவினாலும் ஒரே மாதிரி. சுரங்கத்தில் திரும்பாமலே பின்னோக்கி ஓட முடிவது அதனால்தான்.

---

மருதநிழல் எழுதியது:

ஒரு காளானையும் இங்கே சொல்ல வேண்டும். ஹெபலோமா ராடிகோசம் என்ற காளானுக்கு ஆழமாக இறங்கும் வேர் மாதிரி ஒரு அடித்தண்டு உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோஹிகோ சகாரா அந்தத் தண்டைப் பின்பற்றித் தோண்டிப் பார்த்தார். அது போய் முடிந்த இடம் அகழெலியின் கழிப்பிடம், பக்கத்திலேயே கூடு. கழிவில் சேரும் நைட்ரஜனைக் காளான் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காளான் மர வேரோடு சேர்ந்து வாழும் வகை, ஆகவே மரத்துக்கும் சத்து போகிறது. கழிப்பிடம் சுத்தமாவதால் அகழெலி நெடுங்காலம் அதே கூட்டில் இருக்க முடிகிறது. ஐரோப்பிய அகழெலியின் கூடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கூட்டைத் தேடுகிறவர்களுக்கு, தரைக்கு மேல் தெரியும் இந்தக் காளான்தான் அடையாளம்.

---

ஏர்முனை எழுதியது:

இவ்வளவு தெரிந்தவர்களிடம் நேராகவே கேட்கிறேன். ஒரு நிலத்தில் இருபது மேடு இருந்தால் எத்தனை அகழெலி இருக்கும்? பிடித்துவிட்டால் தீருமா?

---

வேரடி எழுதியது:

இருபது மேட்டுக்கு இருபது அகழெலி என்று கணக்குப் போட வேண்டாம். அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒன்றின் எல்லையே சில ஆயிரம் சதுர மீட்டர் வரும்.

பிடித்தால் தீருமா என்பதற்கு விடை அந்தச் சுரங்கத்தில்தான் இருக்கிறது. அகழெலி போனாலும் பொறி அப்படியே இருக்கிறது, புழு விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து எல்லையில் உள்ளவை ஒன்றையொன்று வாசனைக் குறிகளால் அறிந்து விலகி நடக்கின்றன. குறி புதுப்பிக்கப்படவில்லை என்றால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். உடலில் ரேடியோ கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், காலியான சுரங்கத்தை அக்கம்பக்கத்து அகழெலி வெகு சீக்கிரம், சில சமயம் அன்றைக்கே எடுத்துக்கொண்டது தெரிந்தது. பக்கத்தில் காடோ புல்வெளியோ இருந்து அங்கே அகழெலி இருக்கும் வரை, பிடிப்பது வருடாவருடம் செய்ய வேண்டிய வேலைதான். நிலத்தில் குத்திவைக்கும் அதிர்வுக் கருவிகளை நம்பிப் பணம் போடாதீர்கள், அவை பலன் தருகின்றன என்பதற்கு நல்ல சான்று இல்லை.

உங்கள் கவலை தீவனத்தில் மண் கலப்பது என்றால், புல் வளரத் தொடங்கும் முன், வசந்தத்தின் ஆரம்பத்தில் மேடுகளைப் பரப்பிச் சமன்செய்துவிடுங்கள். அறுக்கும்போது கத்தியைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். நிலத்தடியில் இருப்பதைத் தொடாமலே பெரும்பகுதி பிரச்சினை குறையும்.

---

ஏர்முனை எழுதியது:

கத்தியை எவ்வளவு உயர்த்துவது?

---

மருதநிழல் எழுதியது:

சமன்செய்த மேடு எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறதோ அதற்கு மேலே போக வேண்டும். பரப்பிய பிறகு நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மண் இன்னும் திட்டாக நிற்கும் இடத்தை வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். அப்படியும் மண் கலந்திருக்கும் என்று சந்தேகம் வரும் ஓரப் பகுதியைத் தனியாக அறுத்து, தீவனச் சேமிப்பில் சேர்க்காதீர்கள்.